மூன்றாவது கிளாஸில் பேசியது யார்?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 33. கல்லூரிக் காலத்து நண்பர்கள் நாலு பேர், மாதத்தில் இரண்டு மூன்று தடவை கூடுவோம். குடித்துக் கவிழ்கிற கூட்டம் இல்லை. டபுள் ஐபிஏ மாதிரி, சின்ன ஆலைகளில் காய்ச்சுகிற விதவிதமான கிராஃப்ட் பீர், ஆளுக்கு ஒரு நெக்ரோனி காக்டெயில், நிறையப் பேச்சு, அவ்வளவுதான். நான் இயல்பிலேயே அதிகம் வாய் திறக்காதவன். ஆனால் இரண்டாவது பீர் முடிந்ததும் எனக்கே ஆச்சரியமாக இருக்கும், அப்படிப் பேசுவேன். போன மாதம், வேலையை விட்டுச் சொந்தத் தொழில் தொடங்கியிருக்கும் நண்பனிடம், "நீ இதில் தேற மாட்டேன்னு எங்களுக்கு ஆரம்பத்திலேயே தெரியும்டா" என்று சொல்லிவிட்டேன். அன்று எல்லோரும் சிரித்துக் கடந்துவிட்டோம். மறுநாளிலிருந்து அவன் சரியாகப் பேசுவதில்லை. "போதையில் சொன்னதுடா" என்றால் "போதையில்தான் உண்மை வரும்" என்கிறான். நான் அப்படித்தான் நினைக்கிறேனா என்று எனக்கே இப்போது குழப்பம். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து அதையே யோசித்துக்கொண்டு கிடந்தேன். குடித்தபின் பேசுகிறவன்தான் நிஜமான நானா? குடிக்காமல் போய் உட்கார்ந்தால் பேச்சே வராதே என்ற பயமும் இருக்கிறது.

பதில்:

நண்பரே, உங்களுக்கும் அவருக்கும் நம்மிடம் ஆளுக்கொரு வசனம் தயாராகவே இருக்கிறது. உங்களுக்கு, "குடிகாரன் பேச்சு விடிஞ்சாப் போச்சு". அவருக்கு, "உள்ளே இருக்கிறதுதானே வெளியே வரும்". இரண்டையும் ஒரே ஆள் வெவ்வேறு நாளில் சொல்லிக் கேட்டிருக்கிறேன், அன்றைக்குக் குடித்தது யார், திட்டு வாங்கியது யார் என்பதைப் பொறுத்து. மனநல மருத்துவன் என்பதால் என் அறைக்கு வருகிற பாதிச் சண்டைகளில் இந்த இரண்டு வசனங்களும் எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும். இரண்டுமே முழுசாகச் சரியில்லை. ஏன் என்று சொல்வதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்குப் போட வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பீர், ஒரு காக்டெயில் என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்கிற காதுக்கு மூன்று கிளாஸ். ஆனால் கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் டபுள் ஐபிஏ என்றும் நெக்ரோனி என்றும் பெயர் சொல்லியிருந்தீர்கள். சாதாரண லாகர் பீர் 330 மில்லியில், 5 சதவீதம் ஆல்கஹால் என்று வைத்தால், உள்ளே போவது சுமார் 13 கிராம் ஆல்கஹால். டபுள் ஐபிஏ என்பது கசப்பும் காட்டமும் கூடின பீர் வகை, பெரும்பாலும் 8 சதவீதத்தை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். அதே 330 மில்லியில் 21 கிராம் ஆகிவிடும். இரண்டுக்கு 42. அப்புறம் நெக்ரோனி: ஜின், காம்பாரி, இனிப்பு வெர்மூத், மூன்றும் சம அளவு. ஒவ்வொன்றிலும் 30 மில்லி ஊற்றினால் அந்தச் சின்னக் கிளாஸில் மட்டும் 19 கிராம் அளவுக்கு வரும். பழச்சாறும் கிடையாது, சோடாவும் கிடையாது, மூன்றுமே மதுதான். ஆக மொத்தம் 60 கிராமைத் தாண்டிவிட்டீர்கள். நீங்கள் மனசுக்குள் எண்ணியது மூன்று, உங்கள் கல்லீரல் எண்ணியது கிட்டத்தட்ட ஐந்து லாகர்.

கிராஃப்ட் பீரின் அழகும் ஆபத்தும் இதுதான். பீரில் சேர்க்கிற ஹாப்ஸ் பூவின் கசப்பும், மாம்பழம், எலுமிச்சை போல வருகிற வாசனையும் ஆல்கஹாலின் எரிச்சலை மூடிவிடுகின்றன. ருசிக்காகத்தான் குடிக்கிறோம், போதைக்கு இல்லை என்று சொல்கிறவர்கள் பொய் சொல்வதில்லை, நிஜமாகவே ருசிக்காகத்தான் குடிக்கிறார்கள், ஆனால் மூளைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. காக்டெயிலில் இனிப்பும் புளிப்பும் இதே வேலையைச் செய்கின்றன. லாங் ஐலண்ட் ஐஸ்ட் டீ என்று பெயர், குடித்தால் குளிர்ந்த டீ மாதிரித்தான் இருக்கும், உள்ளே வோட்கா, ஜின், ரம், டக்கீலா, ஆரஞ்சு லிக்கர் என்று ஐந்து சரக்கு. பெயர் வைத்தவனுக்குக் குறும்பு அதிகம்.

சரி, அந்த 60 கிராம் உங்கள் தலைக்குள் போய் என்ன செய்தது? மூளையில் நரம்புகளை அடக்கி வைக்கிற காபா என்ற வேதிப்பொருளின் வேலையை ஆல்கஹால் கூட்டிவிடுகிறது, தூண்டிவிடுகிற குளூட்டமேட்டின் வேலையைக் குறைத்துவிடுகிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கிற பகுதிதான் நமக்கு "இதைச் சொல்லாதே, அவன் முகத்தைப் பார், வீட்டுக்குப் போய் யோசி" என்று சொல்லிக்கொண்டே இருக்கிற காவல்காரன். அவருக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது. இதுவரை உங்கள் நண்பர் சொல்வது சரி மாதிரித்தான் தெரியும்: காவல்காரன் தூங்கிவிட்டான், உள்ளே இருந்தது வெளியே வந்துவிட்டது.

ஆனால் உள்ளே ஒன்றா இருந்தது? கிளாட் ஸ்டீல், ராபர்ட் ஜோசஃப்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1990-ல் இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள்: மது தருகிற கிட்டப்பார்வை. குடித்தவனின் கவனம் சுருங்கிவிடுகிறது, கண்ணுக்கு முன்னால் பெரிதாக எது நிற்கிறதோ அது மட்டும்தான் தெரியும், பின்னால் மங்கலாக நிற்பதெல்லாம் மறைந்துவிடும். நண்பரின் தொழிலைப் பற்றி உங்களுக்குள் ஒரு பயம் இருந்திருக்கும். இருப்பது இயல்புதானே, சேமிப்பை எல்லாம் போட்டு ஒருவர் இறங்கினால் பக்கத்தில் இருக்கிறவனுக்கு வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். கூடவே, அவனுக்கு இருக்கிற துணிச்சல் எனக்கு இல்லையே என்று ஓர் ஓரத்தில் இருந்திருக்கும். அவன் ஜெயித்துவிட வேண்டும் என்ற ஆசையும் இருந்திருக்கும். எல்லாமே உங்களுடையவைதான். பகலில் இந்த நினைப்புகள் ஒன்றை ஒன்று இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும், அதனால் நீங்கள் அவரிடம், "ஜாக்கிரதையா பண்ணுடா, ஏதாவது வேணும்னா சொல்லு" என்ற மாதிரி ஒரு வாக்கியத்தைச் சொல்வீர்கள். அதில் பயமும் இருக்கும், பாசமும் இருக்கும். மூன்றாவது கிளாஸில் பாசம் பார்வைக்கு வெளியே போய்விட்டது, பயம் மட்டும் தனியாக எழுந்து நின்று பேசியது. அது பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு வாக்கியத்தில் "ஆனாலும்" என்பதற்கு முன்னால் இருந்த பாதி அது. மீதிப் பாதியும் உங்களுடையதுதான், அதற்கு அன்றைக்கு வாய் கிடைக்கவில்லை.

நிஜமான நான் எது என்ற கேள்விக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. அமெரிக்காவின் மிசூரி பல்கலைக்கழகத்தில் ரேச்சல் வினோகிராட் என்பவரும் சகாக்களும் 2017-ல் வெளியிட்ட ஆய்வு இது. 156 பேரை, மூன்று நான்கு நண்பர்கள் கொண்ட சின்னக் குழுக்களாக வரவழைத்தார்கள். சில குழுக்களுக்கு வோட்கா கலந்த பானம், மற்றவர்களுக்கு வெறும் பானம். குடித்தவர்களைக் கேட்டால், தங்கள் சுபாவத்தின் எல்லாப் பக்கமும் மாறிவிட்டதாகச் சொன்னார்கள். வெளியிலிருந்து பார்த்து மதிப்பிட்டவர்கள் கண்ணில் உறுதியாகப் பட்ட மாற்றம் ஒன்றே ஒன்றுதான்: கலகலப்புக் கூடியிருந்தது. அதாவது, உள்ளே உட்கார்ந்து பார்த்தால் நாம் வேறு மனிதனாகிவிட்ட மாதிரி இருக்கிறது, எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு நாம் அதே ஆள், கொஞ்சம் சத்தமாக.

எனக்கே இது நடந்திருக்கிறது. பயிற்சி மருத்துவனாக இருந்த காலத்தில் ஒரு நண்பரின் பிறந்தநாள். அன்றைக்கு நான் பேசிய பேச்சில் மேஜையே குலுங்கியது என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். யாரோ கைப்பேசியில் பதிவு செய்திருக்கிறார்கள், பிறகொரு நாள் போட்டுக் காட்டினார்கள். பத்து நிமிடப் பதிவில் ஒரே ஜோக்கை மூன்று முறை சொல்லியிருக்கிறேன், மூன்று முறையும் "இதைக் கேளுங்க, இதைக் கேளுங்க" என்று பக்கத்தில் இருப்பவரின் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு. மூன்றாவது தடவை அவர் சிரிக்கிற சிரிப்பு இருக்கிறதே, பொறுமையின் சிரிப்பு, அதைக் கேட்டபோது காது சூடாகிவிட்டது. அதனால் குடித்தபின் அற்புதமாகப் பேசுகிறேன் என்று நீங்கள் எழுதியதை நான் முழுசாக எடுத்துக்கொள்ளவில்லை, தப்பாக நினைக்காதீர்கள். அற்புதமாகப் பேசியிருக்கலாம். அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல அன்றைக்கு அந்த மேஜையில் குடிக்காமல் இருந்த ஒருவர் வேண்டும்.

இதைச் சொல்லும்போது ஒரு நேர்மையும் வேண்டும். குடிக்கிற மேஜையில் உண்டாகிற நெருக்கம் எல்லாமே மாயை என்று சொன்னால் நான் பொய்யன். உளவியலாளர் மைக்கேல் சயெட் குழுவினர் 2012-ல் வெளியிட்ட ஆய்வில் முன்பின் தெரியாத 720 பேரை மூன்று மூன்று பேராக உட்கார வைத்து, சிலருக்கு மது, சிலருக்கு மது போலத் தோன்றும் பானம், சிலருக்கு வெறும் பானம் என்று கொடுத்து, அவர்கள் முகத்தையும் பேச்சையும் நொடி நொடியாகக் கணக்கெடுத்தார்கள். மது அருந்திய குழுக்களில் மூன்று பேரும் ஒரே சமயத்தில் மனசாரச் சிரிக்கிற தருணங்கள் கூடுதலாக இருந்தன, மூன்று பேரும் மாறி மாறிப் பேசுவதும் கூடியிருந்தது. அந்த இளக்கம் நிஜம்தான். அதோடு, அதில் ஒரு பங்கு கிளாஸைக் கையில் எடுக்கும்போதே வந்துவிடுகிறது. உளவியலாளர் ஆலன் மார்லட் 1973-ல் வெளியிட்ட புகழ்பெற்ற சோதனையில், வெறும் டானிக் நீரை வோட்கா என்று நம்பியவர்கள் அதிகமாகக் குடித்துத் தள்ளினார்கள், நிஜமாகவே வோட்கா இருந்த கிளாஸை வெறும் டானிக் என்று நம்பியவர்கள் அளவாக நிறுத்திக்கொண்டார்கள். எதிர்பார்ப்புக்கே அவ்வளவு பலம்.

இதை உங்கள் கணக்கில் போட்டுப் பாருங்கள். இரண்டாவது பீர் முடிகிறபோது மணி என்ன? நீங்கள் வந்து உட்கார்ந்து ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும். முதல் பத்து நிமிடத்து நலம் விசாரிப்பு முடிந்திருக்கும், யாரோ ஒருவர் தன் அலுவலகப் புலம்பலைக் கொட்டியிருப்பார், பழைய விடுதிக் கதை ஒன்று வந்துபோயிருக்கும். இவ்வளவும் நடந்தபிறகு எந்த மனிதனுக்கும் நாக்கு கொஞ்சம் தளரும். ஆனால் பெயர் மட்டும் கிளாஸுக்குப் போகிறது. ஒவ்வொரு முறையும் அப்படியே போவதால், நான் குடிக்காமல் பேசியிருப்பேனா என்று சோதித்துப் பார்க்க உங்களுக்கு ஒரு வாய்ப்புகூடக் கிடைக்கவில்லை. பதற்றம் உள்ளவர்களிடம் நாங்கள் அடிக்கடி பார்ப்பது இது. துணைக்குக் கைத்தடி வைத்திருந்தால் கால் நன்றாக இருக்கிறதா என்று கடைசிவரை தெரியாது.

அதனால் ஒரு சின்ன ஏற்பாடு சொல்கிறேன். அடுத்த முறை போங்கள், வழக்கம்போலப் போங்கள், முதல் ஒரு மணி நேரத்துக்கு மட்டும் ஆல்கஹால் இல்லாத பீர் அல்லது சோடா. பெரிய அறிவிப்பெல்லாம் வேண்டாம், "மச்சான், நான் நிறுத்திட்டேன்" என்று எழுந்து நின்றீர்கள் என்றால் அன்றைய பேச்சே அதுவாகிவிடும். கிளாஸில் ஊற்றிக்கொண்டால் யாரும் கேட்கப்போவதில்லை. யாராவது கேட்டால், "அப்புறம் பார்த்துக்கலாம்" என்பது போதும். அந்த ஒரு மணி நேரத்தில் நீங்கள் எழுந்து பேச வேண்டும் என்று இல்லை, ஒருவர் சொன்னதற்குள் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். "அதுக்கு அவன் என்ன சொன்னான்?" என்கிற மாதிரிக் கேள்வி. அமைதியானவர்களுக்கு இது நன்றாக வரும், அவர்கள்தான் கவனித்துக் கேட்டிருப்பார்கள். முதல் தடவை கைக்கு என்ன வேலை கொடுப்பது என்று தெரியாது, நாற்காலி குத்தும், நேரம் நகராது. மூன்றாவது தடவை போய்விட்டு வந்து எனக்கு எழுதுங்கள். ஆல்கஹால் இல்லாதது என்று விற்பதில் பலவற்றில் 0.5 சதவீதம் வரை இருக்கலாம், அது உங்கள் பேச்சை மாற்றாது, ஆனால் மருத்துவக் காரணத்துக்காக முழுசாக விலக்க வேண்டியவர்கள் லேபிளைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த மூன்று மணி விழிப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை நீங்கள் மனசாட்சி என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பாதிதான் மனசாட்சி. கல்லீரல் மணிக்கு ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் ஆல்கஹாலைத்தான் கரைக்கும், காபி குடித்தாலும் குளித்தாலும் அந்த வேகம் கூடாது. அப்படியென்றால் 60 கிராம் தீர்வதற்கு ஆறு முதல் ஒன்பது மணி நேரம். அது வடிய வடிய, அதுவரை அமுக்கி வைத்திருந்த தூண்டல் எல்லாம் எதிர்ப்பக்கம் எகிறும். நெஞ்சு படபடக்கும், தூக்கம் கலையும், மனசு எதையாவது பிடித்துக்கொண்டு பதறும். பதறுவதற்கு உங்களிடம் ஒரு காரணமும் தயாராக இருந்தது. அந்த நேரத்தில் கைப்பேசியை எடுத்து நீண்ட மன்னிப்புச் செய்தி எதுவும் அனுப்பாதீர்கள், கிளாஸில் பேசியதைப் போலவே அதுவும் அரைகுறையாகத்தான் வரும். அப்புறம், காலை ஏழு மணிக்கு வண்டி எடுக்கிற பழக்கம் இருந்தால் மேலே சொன்ன கணக்கை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள்.

மருத்துவனாகச் சில விஷயங்களைச் சொல்லாமல் போக முடியாது, வேகமாகச் சொல்கிறேன். குடிக்கு முற்றிலும் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது, நானும் அதைத்தான் சொல்வேன், மற்றது உங்கள் முடிவு. தூக்கத்துக்கோ பதற்றத்துக்கோ அல்பிரசோலாம், குளோனசெபாம் மாதிரி மாத்திரை எடுக்கிறீர்கள் என்றால் அதோடு மது கூடவே கூடாது, இரண்டும் சேர்ந்து மூச்சையே அமுக்கிவிடும். பேசியது நினைவில்லாமல் போகிற இரவுகள் இருந்தால் அதைச் சிரித்துவிட்டுக் கடக்காதீர்கள், மூளை அன்றைக்குப் பதிவு செய்வதையே நிறுத்திவிட்டது என்று அர்த்தம், வெளியே பார்க்கிறவருக்கு அந்த ஆள் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பது போலவே தெரியலாம். அலுவலகக் கூட்டத்தில் வாய் திறக்க, தெரியாதவரோடு போனில் பேச, நாலு பேர் முன்னால் கையெழுத்துப் போடக்கூட உங்களுக்கு நடுக்கம் வருகிறது என்றால், அது சுபாவம் என்று விட்டுவிட வேண்டாம், சமூகப் பதற்றம் என்று அதற்குப் பெயர், பேச்சுவழிச் சிகிச்சையில் நன்றாகக் குணமாகிற சங்கதி. இதைப் படிக்கிற வேறு யாராவது தினமும் நிறையக் குடிக்கிறவராக இருந்தால், என் பேச்சைக் கேட்டு இன்று இரவே ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். வலிப்புவரை போகலாம். மருத்துவரைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள்.

இனி உங்கள் நண்பர். கடைசியில் வைத்ததற்குக் காரணம், உங்கள் கடிதத்தில் நான் அடிக்கோடு போட்ட ஒரே இடம் இங்கேதான் இருக்கிறது. நீங்கள் "தேற மாட்டே" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதமாக வருந்திக்கொண்டிருக்கிறீர்கள். என் கண்ணில் பட்டது "எங்களுக்கு". எனக்குத் தெரியும் என்று சொல்லியிருந்தால் அது ஒரு நண்பனின் அபிப்பிராயம், மறுத்துப் பேசலாம், கோபப்படலாம். எங்களுக்குத் தெரியும் என்றால், அவர் இல்லாத நேரத்தில் நீங்கள் மூன்று பேரும் அவரைப் பற்றிப் பேசித் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள் என்று அர்த்தமாகிறது. அதற்கப்புறம் அந்த மேஜையில் எல்லோரும் சிரிக்கவும் செய்தீர்கள். அவர் வீட்டுக்குப் போய் என்னவெல்லாம் கணக்குப் போட்டிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்: எத்தனை தடவை பேசியிருப்பார்கள், நான் ஆசையாகக் கடைப் பெயரைச் சொன்ன அன்றைக்கும் இவர்கள் இப்படித்தான் நினைத்துக்கொண்டு தலையாட்டினார்களா? போதையில் சொன்னதுடா என்று நீங்கள் சொல்லும்போது இந்தக் கேள்விக்கு அதில் பதிலே இல்லை. அதனால்தான் அவர் அசையவில்லை.

எனவே மன்னிப்புக் கேட்கும்போது மதுவை நடுவில் கொண்டுவராதீர்கள். மதுவைக் காரணம் காட்டினால் அவர் உடனே "உண்மை அப்போதுதான் வரும்" என்று ஆரம்பிப்பார், நீங்கள் இரண்டு பேரும் பழமொழியை வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருப்பீர்கள். தனியாகப் பாருங்கள், பகலில், கிளாஸ் இல்லாத இடத்தில், முடிந்தால் அவர் வேலை செய்கிற இடத்துக்கே போய். உங்களுக்குள் பயம் இருந்தது உண்மை என்றால் அதை ஒத்துக்கொள்ளுங்கள், "உன் தொழிலை நினைச்சா எனக்குப் பயமா இருக்கு, அதை உன்கிட்ட தனியா சொல்லியிருக்கணும், எல்லார் முன்னாடியும் சொன்னது தப்பு" என்று. அவரைப் பற்றி நீங்கள் மூவரும் பேசியது நடந்திருந்தால் அதையும் ஒத்துக்கொள்ளுங்கள், நடக்கவில்லை என்றால் "எங்களுக்குன்னு சொன்னது பொய், அது நான் மட்டும்" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். மற்ற இருவரையும் அந்த "எங்களுக்கு"க்குள் இழுத்தது நீங்கள்தான், அவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கும்.

அப்புறம் தொழில் எப்படிப் போகிறது என்று கேளுங்கள். கேட்டுவிட்டு யோசனை எதுவும் சொல்லாமல் இருங்கள். அவர் உடனே எதுவும் சொல்லாமல் போகலாம், வேறு ஏதாவது வேலையைப் பார்த்துக்கொண்டே பத்து நிமிடம் கழித்து ஆரம்பிக்கலாம். அதுவரை அந்த மௌனத்தை நிரப்பப் பார்க்காதீர்கள். இயல்பிலேயே வாய் திறக்காதவன் என்று எழுதியிருந்தீர்களே, அன்றைக்கு அது உதவும்.